இரண்டாவது லயம், ஈ வரிசை, இரண்டாம் கதவு

அன்பரசன் தொப்பி போட்டு நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

மலாக்காவின் பழைய பஸ் ஸ்டேஷன், ஆற்றோரத்தில் இருந்தது. மத்தியானம் மழை கொட்டி விட்டிருந்தது. தரையெல்லாம் டீசல் கலந்த தண்ணீர். பக்கத்துத் தள்ளுவண்டியில் வாழைப்பழம் பொரிகிற வாசனை வந்துகொண்டே இருந்தது. பசிக்கிற நேரம்தான், ஆனால் இருவருக்குமே வாங்கித் தின்னத் தோன்றவில்லை.

தொப்பி புதிது. காலையில்தான் பசாரில் வாங்கியிருக்கிறான். நீல நிறம், நெற்றியில் ஏதோ ஒரு மீன் படம். வாங்கும்போது படத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டான். நிமிடத்துக்கு ஒரு தடவை அதைக் காது வரை இழுத்து விட்டுக்கொண்டான்.

ஜொகூரிலிருந்து வருகிற பஸ்ஸில் அவன் அண்ணன் செல்வராஜு வருகிறான். அண்ணன் தம்பி பார்த்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. போனில் "வாண்ணே" என்று சொன்னவன், சொல்ல வேண்டிய முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டான். அதை நேரில் சொல்லத் துணைக்கு ஆள் வேண்டும் என்றுதான் என்னை அழைத்து வந்திருந்தான்.

"சரசக்கா, நீங்களே சொல்லிடுறீங்களா?"

"நான் சொல்ற விஷயமாடா அது?"

அவன் தொப்பியை இன்னொரு தடவை இழுத்துவிட்டான்.

டயர் கடை மாடி

இந்தத் தொடரை வாசிக்கும் சகோதரி ஒருவர், "ரெம்பியா பக்கம் ரப்பர் பால் மரக்காட்டில் பிறந்த உங்களுக்குக் கம்ப்யூட்டர் எப்படி அம்மா வந்தது?" என்று கேட்டு எழுதியிருந்தார். நடந்து வரவில்லை, பஸ்ஸில்தான் வந்தது. நான் டைப்பிஸ்ட் வேலைக்குப் போன இடத்தில் டைப்ரைட்டரை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் வைத்தார்கள், அவ்வளவுதான். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? தோட்டத்துப் பிள்ளை என்றால் வாளியும் கத்தியும் மட்டும்தான் தூக்க வேண்டுமா?

அதற்கப்புறம் நான் சேர்ந்த இடம் மலாக்கா டவுனில் ஒரு டயர் கடையின் மேல்மாடி. தொண்ணூறுகளின் கடைசி. இன்டர்நெட் என்ற வார்த்தையைச் சொன்னாலே எல்லாரும் தலையாட்டிய காலம். பாதிப் பேருக்கு அது என்னவென்று தெரியாது. எங்கள் பாஸ் அந்தத் தலையாட்டல்களை நம்பியே வலைப்பக்கம் செய்து தரும் கடையைத் திறந்திருந்தார். கீழே டயர் கழற்றுகிற சத்தம், மேலே நாங்கள் நான்கு பேர். ரப்பர் வாசனை மட்டும் என்னை விடவே இல்லை.

அன்பரசன் எனக்கு அப்புறம் சேர்ந்தவன். லூபோக் சீனா பக்கத்துத் தோட்டத்துப் பையன், பாலிடெக்னிக் படித்தவன். ஒல்லியான உடம்பு, தலை நிறையச் சுருட்டை முடி. அந்த முடியில் பேனாவைச் செருகி வைத்துவிட்டு ஆபீஸ் முழுக்கப் பேனா தேடுவான்.

பூஜ்ஜியம் கிலோ நெத்திலி

கோலா சுங்கை பாருவில் கருவாடு விற்கும் மலாய்க்காரப் பெரியவர் ஒருவருக்கு நாங்கள் ஆர்டர் எடுக்கும் பக்கம் செய்து கொடுத்திருந்தோம். ஒரு நாள் அவர் போன் பண்ணினார். கோபமில்லை, குழப்பம். ஒருவர் நெத்திலிக் கருவாடு பூஜ்ஜியம் கிலோ கேட்டிருக்கிறார், முகவரியும் சரியாக இருக்கிறது, இதை எப்படிப் பொட்டலம் கட்டுவது என்று மலாயில் கேட்டார்.

நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்பு மட்டும் சிரிக்கவில்லை, ஓடிப்போய்ப் பார்த்தான். கேட்டவர் எண்ணைப் போடாமல் "ஒரு கிலோ" என்று எழுத்தில் எழுதியிருந்தார். நாங்கள் பயன்படுத்திய ஸ்கிரிப்ட் என்கிற கம்ப்யூட்டர் மொழி அதைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அது அனுப்பாது. எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். எண் வர வேண்டிய இடத்தில் எழுத்து வந்தால், அதைப் பூஜ்ஜியம் என்று தானே முடிவு செய்துகொண்டு மேலே போய்விடும்.

இந்த மொழி தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் வீட்டு அடுப்படியில் காலியான பிஸ்கட் டின்கள் வரிசையாக இருக்கும். ஒன்றில் சீனி, ஒன்றில் உப்பு, ஒன்றில் பருப்பு. எதிலும் பெயர் ஒட்டியிருக்காது. அம்மாவுக்கு மட்டும் தெரியும். அம்மா வீட்டில் இல்லாத அன்று அப்பா தேநீர் போட்டால் அது உப்புக் கரிக்கும். அந்த மொழியில் எழுதுகிற ஒவ்வொரு புரோகிராமும் அப்படித்தான் இருந்தது. எழுதியவனுக்கு மட்டுமே எந்த டின்னில் என்ன என்று தெரியும்.

அன்பு செய்ய நினைத்தது, டின்னில் பெயர் ஒட்டுவது. இது எண், இது எழுத்து என்று புரோகிராமிலேயே எழுதி வைக்கலாம். அவன் எழுதிய சின்னக் கருவி, புரோகிராமை ஓட விடுவதற்கு முன்பே ஒரு தடவை படித்துப் பார்க்கும். உப்பு டின்னிலிருந்து அள்ளித் தேநீரில் போடுகிற இடம் இருந்தால், "இங்கே பார்" என்று வரியைக் காட்டிவிடும். யாரும் குடித்து முகம் சுளிக்கிற வரை காத்திருக்க வேண்டாம்.

பாஸ் கேட்ட முதல் கேள்வி, "இது கட்டாயமா?"

"இல்ல பாஸ். இஷ்டம் இருந்தா எழுதலாம். எழுதாட்டி பழைய மாதிரியே ஓடும்."

"இஷ்டம்னா எவன்லா எழுதுவான்? கஸ்டமர் வந்து உங்கிட்ட டின்னுல பேர் ஒட்டினியான்னா கேக்கப் போறான்?"

நானும் பிறகு அன்புவிடம் அதைத்தான் கேட்டேன். செய்வது செய்கிறாய், கட்டாயமாக்கிவிட வேண்டியதுதானே?

"பெரட்டுல நிக்க வைக்கிற மாதிரி ஆயிடும்க்கா" என்றான்.

பெரட்டு என்றால் தோட்டத்தில் விடிகாலையில் ஆளெண்ணுவது. கணக்குப்பிள்ளையான கிராணி பெயர் வாசிக்க, வரிசையில் நின்று "ஆஜர்" சொல்ல வேண்டும். ஒரு நாள் வாய் திறக்காவிட்டால் அன்றைக்கு வேலையில்லை. அவன் அம்மா அப்பா இருவரும் அந்த வரிசையில் நின்று முதுகு வளைந்தவர்கள்.

"பழைய புரோகிராம் எல்லாம் எழுதியாச்சு. இன்னைக்குத் திடீர்னு எல்லாம் வரிசையில வந்து நில்லுன்னா எவன் நிப்பான்? ஒண்ணு ஒண்ணா, இஷ்டப்பட்டப்ப வரட்டும். வந்ததுக்கு மட்டும் நாம பொறுப்பு."

இப்போது என் மருமகப் பிள்ளைகள், பெரிய பெரிய மொழிகளிலெல்லாம் இந்த வசதி வந்துவிட்டது என்று நேற்றுத்தான் கண்டுபிடித்த மாதிரி என்னிடம் விளக்குகிறார்கள். நானும் தலையாட்டுகிறேன். டயர் கடை மாடியில் ஒருவன் தலையில் பேனாவைச் செருகிக்கொண்டு இதைச் செய்தான் என்று சொன்னால் நம்பவா போகிறார்கள்?

வீட்டு எண்தான் பேர்

அன்புவின் தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்கு எண் உண்டு. முதலில் லயம், அப்புறம் வரிசை, அப்புறம் கதவு. அவன் வீடு இரண்டாவது லயம், ஈ வரிசை, இரண்டாம் கதவு. கதவில் கறுப்புப் பெயின்ட்டில் 2E2 என்று எழுதியிருக்கும்.

அங்கே மனிதர்களுக்கும் அதுதான் அடையாளம். கல்யாண விருந்துக்கு அழைக்கும்போதும், சாவுச் செய்தி சொல்லும்போதும் எண்ணைத்தான் சொல்வார்கள். முனியம்மாக்கள் மட்டும் ஏழெட்டுப் பேர் இருந்த தோட்டம், வேறு எப்படிச் சொல்வது?

அண்ணன் செல்வராஜு ஜொகூருக்கு வேலைக்குப் போன இடத்தில் மெய் லிங் என்ற சீனப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். செய்தி சொல்ல வந்த மகனை அப்பா வாசலிலேயே நிறுத்தி, "இனிமே இந்தப் படி ஏறாதே" என்று சொல்லிவிட்டார். பச்சையம்மா, அதாவது அன்புவின் அம்மா, அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள் அவன் பாதையில் இறங்கிப் போய்விட்டான். ரோஷக்காரன், திரும்பி வரவில்லை.

பிறகு அப்பா இறந்தார். பிறகு தோட்டத்தையே விற்றார்கள். லயங்களை இடித்துத் தள்ளினார்கள். சனங்கள் ரெம்பியாவுக்கும் அலோர் காஜாவுக்கும் டவுனுக்கும் சிதறிப் போனார்கள். நாலு தலைமுறை வாழ்ந்த இடத்தில் செம்மண் மட்டும் மிச்சம். இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பச்சையம்மாவின் கவலை ஒன்றே ஒன்றுதான். பெரியவன் என்றாவது மனம் மாறித் தேடி வந்தால் எங்கே வருவான்? அவனுக்குத் தெரிந்தது 2E2 மட்டும்தான். அந்தக் கதவே இல்லையே.

அதற்காகத்தான் அன்பு அந்த வலைப்பக்கத்தைச் செய்தான். பழைய வீட்டு எண்ணை அடித்தால், அந்த வீட்டார் விட்டுச் சென்ற செய்தி வரும். பெயர்கள் வராது. "எம்மவ பேரெல்லாம் ஊர் பாக்கப் போடாதய்யா" என்று நிறைய வீடுகளில் சொல்லிவிட்டார்கள். பேச வேண்டுமானால் எங்கள் ஆபீஸ் போன் நம்பர் கீழே இருக்கும். தமிழ் எழுத்து ஒரு கம்ப்யூட்டரில் தெரிந்தால் இன்னொன்றில் கட்டம் கட்டமாக உடையும் என்பதால், ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினான்.

முதல் செய்தி அவன் வீட்டுடையது. அதைப் பச்சையம்மாவே சொல்லச் சொல்ல எழுதினான். ரெம்பியாவில் அவர்கள் குடியிருந்த மலிவு வீட்டில் அன்று நானும் இருந்தேன்.

"என்னான்னும்மா எழுதறது?"

"அம்மா நல்லா இருக்கேன்னு எழுது. அப்பா போய்ட்டாரு, இப்ப இந்த வீட்ல படி ஏறாதன்னு சொல்ல ஆளில்லன்னு எழுது. மருமகளையும் கூட்டிக்கிட்டு வா. அவளுக்குக் காரம் ஆகாதுன்னா சம்பல்ல மிளகாய கொறைச்சுக்கிறேன்னு எழுது."

"அம்மா, இது என்னா கடுதாசியா?"

"எழுதுடா. ஓம் பெட்டிக்குக் கைவலிக்குதா?"

அவன் எழுதினான். பச்சையம்மா சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பெட்டியில வந்தானா?"

பச்சையம்மா கம்ப்யூட்டரைப் பெட்டி என்றுதான் சொல்வார். நான் போகும்போதெல்லாம் அவர் கேட்ட கேள்வி இதுதான். "சரசு, எம் பெரியவன் பெட்டியில வந்தானா?"

"இன்னும் இல்ல பெரியம்மா. வருவாரு."

"வருவான். அவன் எங்க போவான்?"

சர்க்கரை வியாதி. காலில் ஒரு புண் ஆறவே இல்லை. அந்தக் காலைப் பலகையில் தூக்கி வைத்துக்கொண்டே நெத்திலியில் தலை கிள்ளுவார். ஒவ்வொரு தடவையும் மிளகாய் கம்மியாக ஒரு சம்பல் செய்து பார்த்து, என்னைத்தான் ருசி பார்க்கச் சொல்வார். "சீனப்பிள்ள சாப்புடுமா இத?" எனக்கு உப்புச் சப்பில்லாமல் இருக்கும். பிரமாதம் என்பேன்.

வலைப்பக்கத்துக்கு ஒவ்வொரு குடும்பமாகச் செய்தி வந்தது. தைப்பிங்கில் இருந்த அக்காவைத் தங்கை கண்டுபிடித்தாள். பழைய தோட்டத்து ஆட்கள் கூடி ஒரு பொங்கல்கூட வைத்தார்கள். செல்வராஜு மட்டும் வரவில்லை.

அந்த வருடம் தீபாவளிக்குச் சில நாட்கள் இருக்கும்போது, காலையில் முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த பச்சையம்மா அப்படியே சாய்ந்துவிட்டார். நான் போனபோது பிசைந்த மாவு தட்டில் காய்ந்து வெடித்திருந்தது. அன்பு கொள்ளி வைத்தான். அந்தச் சுருட்டை முடியெல்லாம் சுடுகாட்டு வாசலில் ஒரு காகிதத்தின் மேல் விழுந்து கிடந்ததைப் பார்த்து, அதுவரை அழாமல் இருந்த நான் உடைந்துபோனேன்.

இருநூறு

வேலைக்குத் திரும்பியவன் கஸ்டமர்களின் புரோகிராம்களை ஒவ்வொன்றாக எடுத்து, எது எண், எது எழுத்து என்று எழுதிக்கொண்டே இருந்தான். யாரும் கேட்காத வேலை. பாஸும் அந்த நாட்களில் வாயைத் திறக்கவில்லை. அவரும் மனிதர்தானே.

எல்லாம் முடிந்த பிறகுதான் தன் சொந்தப் பக்கத்துக்கு வந்தான். வீட்டு எண் என்கிற டின்னில் "இது எழுத்து" என்று ஒட்டினான். கருவியை ஓட விட்டான். அது ஒரு வரியைக் காட்டியது: எழுத்தை எண்ணாக எடுத்து ஒப்பிடுகிறாய்.

"அக்கா, இங்க வாங்க" என்றான். அவன் குரலைக் கேட்டுக் கீழே டயர்க்காரர்கள்கூட நிமிர்ந்து பார்த்திருப்பார்கள்.

விஷயம் இதுதான். கணக்குக்காரர்கள் பெரிய எண்களைச் சுருக்கி எழுத E என்ற எழுத்தைப் போடுவார்கள். E-க்குப் பின்னால் என்ன எண் இருக்கிறதோ அத்தனை பூஜ்ஜியம் சேர்க்க வேண்டும். 2E2 என்றால் இரண்டுக்குப் பின்னால் இரண்டு பூஜ்ஜியம், அதாவது இருநூறு. அந்த மொழிக்கு இது தெரியும். வீட்டுக் கதவில் பெயின்ட்டில் எழுதிய எண் என்பது தெரியாது. 2E2 வந்தால் இருநூறு என்று எடுத்துக்கொண்டது.

அதே தோட்டத்தில் இருபதாவது லயம், ஈ வரிசை, முதல் கதவு ஒன்று உண்டு. 20E1. இருபதுக்குப் பின்னால் ஒரு பூஜ்ஜியம். அதுவும் இருநூறு!

இரண்டும் ஒரே வீடு என்று அது முடிவு செய்துவிட்டது. ஒரே வீட்டுக்கு இரண்டு செய்தி இருந்தால் கடைசியாக வந்ததைக் காட்டும். 20E1-இல் இருந்த கோவிந்தன் குடும்பம் அன்புவுக்குப் பிறகு பதிந்தவர்கள். அவர்கள் தங்கள் எண்ணை அடித்தால் அவர்கள் செய்தியே வந்தது. 2E2 அடித்தாலும் அவர்கள் செய்தியே வந்தது. மற்ற வரிசைகளில் ஒரு கோளாறும் இல்லை, ஏ, பி, சி, டி எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன. அன்பு தன் எண்ணை முதல் நாள் சோதித்தான். அப்போது சரியாக இருந்தது. அதற்கப்புறம் தன் வீட்டு எண்ணையே அடித்துப் பார்க்க அவனுக்கு என்ன தேவை?

கோவிந்தன் வீட்டுச் செய்தி திரையில் இருந்தது. அவன் அதை வாய்விட்டுப் படித்தான்.

"அப்பாவும் இல்ல, அம்மாவும் தவறிட்டாங்க. சின்னவன் மட்டும் மலாக்கா டவுன்ல வேலை. இனிமே தோட்டத்துப் பக்கம் வந்து யாரும் தேட வேணாம்."

மேலே தலைப்பில், தேடியவர் அடித்த எண் அப்படியே நின்றது: 2E2.

"அண்ணன் பாத்திருப்பாராக்கா?"

"பாத்திருக்க மாட்டாருடா" என்றேன். வேறு என்ன சொல்வேன்?

அன்றைக்கே திருத்தி ஏற்றிவிட்டான். 2E2 என்று அடித்தால் இப்போது பச்சையம்மா பேசினார். நல்லா இருக்கேன். மருமகளையும் கூட்டிக்கிட்டு வா. மிளகாய கொறைச்சுக்கிறேன்.

"செய்தியை மாத்தணுமேடா" என்றேன் மெதுவாக.

"மாத்தணும்க்கா. அம்மா சொன்னத அழிச்சிட்டு, செத்துட்டாங்கன்னு எங் கையால எப்படி எழுதறது? நாளைக்குப் பண்றேன்."

நாளை வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. நான் வற்புறுத்தவில்லை.

போன்

ஒரு காலை, ஆபீஸ் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"வணக்கங்க. இன்டர்நெட் பக்கத்துல இந்த நம்பர் இருந்துச்சு. அங்க அன்பரசன்னு யாரையாவது தெரியுங்களா? நான் அவன் அண்ணன், செல்வராஜு. ஜொகூர்ல இருந்து பேசறேன்."

நான் அன்புவைக் கூப்பிடுவதற்குள் அவன் மடை திறந்த மாதிரி பேசினான். சிரிப்பும் அழுகையும் கலந்த குரல்.

மெய் லிங் வேலை செய்யும் ஆபீஸில் இன்டர்நெட் இருக்கிறது. போன வருடமே அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்து அவள் 2E2 என்று அடித்திருக்கிறாள். வந்த செய்தியை, கப்பல் பட்டறையில் இருந்த கணவனுக்கு அங்கிருந்தே போனில் எழுத்துக் கூட்டி வாசித்திருக்கிறாள். அவளுக்கு ஆங்கில எழுத்து தெரியும், தமிழ் தெரியாது. என்ன வாசிக்கிறோம் என்று தெரியாமலே, உன் அம்மா இறந்துவிட்டாள் என்று கணவனிடம் சொல்லியிருக்கிறாள். அந்தப் பக்கம் சத்தமே வராததால், "நான் சரியா படிக்கலையா?" என்று மறுபடி முதலிலிருந்து வாசித்திருக்கிறாள்.

"கடலோரமாப் போய் மொட்டை போட்டு எல்லாச் சடங்கும் செஞ்சேங்க. தேட வேணாம்னு வேற தம்பி எழுதியிருந்தான், எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றது? இப்ப வருசம் ஆகப்போவுது, திதி குடுக்கணும், அம்மா தவறுன நாள் எதுன்னு தெரியல. மறுபடி அதுல பாரு, நாள் கீள் போட்டிருக்கான்னு மெய் லிங் கிட்ட சொன்னேன். பாத்தா வேற என்னமோ வருதுன்னு படிக்கிறா. அம்மாங்க! எங்கம்மாவே பேசுதுங்க! மிளகாய கொறைச்சுக்கிறேன்னு எங்கம்மாவத் தவிர எவங்க சொல்லுவா?"

அன்பு என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தான். ரிசீவரைக் கொடுத்தேன்.

அவன் பேசியது கொஞ்சம்தான்.

"நாந்தான்ணே... ஆமாண்ணே... ரெம்பியாவுல... வாண்ணே."

பிறகு, "அம்மா வீட்லதாண்ணே இருக்காங்க" என்றான்.

பச்சையம்மாவின் படம் அந்த வீட்டுச் சுவரில் மாலையோடு இருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவன் பொய் சொல்லவில்லை என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

யார் மேல் கோபப்படுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஈ வரிசை என்று பெயர் வைத்த எந்தக் காலத்து வெள்ளைக்கார மானேஜர் மேலா? எல்லாவற்றையும் தெரிந்த மாதிரி தானே முடிவு செய்துகொள்ளும் அந்த மொழி மேலா? வாசலில் நிறுத்திய தகப்பன் மேலா? அன்பு மேல் மட்டும் எனக்கு வரவில்லை. ஆனால் அவன் வேறு யாரையும் குற்றம் சொல்லி நான் கேட்டதில்லை.

பஸ் வந்தது

சாயங்காலம் ஆகிவிட்டது. கண்ணாடியெல்லாம் சேறு தெறித்த பஸ் ஒன்று உள்ளே திரும்பியது. அன்பு எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான்.

முதலில் இறங்கியவள் மெய் லிங். சேலை கட்டியிருந்தாள். தானே கட்டியது என்று பார்த்ததும் தெரிந்தது. கொசுவம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. மாமியாரை முதல் முதலாகப் பார்க்கப் போகிறவள். அங்கே நின்ற தமிழ்ப் பெண் நான் ஒருத்திதான் என்பதால் நேரே என்னிடம் வந்தாள்.

"அக்கா," என்று மலாயில் கேட்டாள், "வழியெல்லாம் ஒண்ணு பழகிக்கிட்டே வந்தேன். சரியா இருக்கான்னு சொல்றீங்களா?" பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு தமிழில் சொன்னாள். "அத்தே, நான் உங்க மருமக."

"சரியா இருக்கும்மா" என்றேன்.

அவளுக்குப் பின்னால் செல்வராஜு பெட்டியைப் போட்டுவிட்டுத் தம்பியை நோக்கி ஓடினான். கட்டிப் பிடித்துத் தூக்கிவிட்டான். இறக்கி விட்டு, முகத்தைப் பார்த்து, "என்னடா இது, பெரிய மனுசன் மாதிரி தொப்பி?" என்று சிரித்தபடியே கையை நீட்டி அதைப் பிடுங்கினான். சின்ன வயதில் எப்படிப் பிடுங்குவானோ, அப்படி.

விரல் கடை அளவுக்குத்தான் முடி வளர்ந்திருந்தது.

நம் ஆட்களுக்கு அதைப் பார்த்த பிறகு யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. செல்வராஜுவின் சிரிப்பு முகத்திலிருந்து போகக் கொஞ்ச நேரம் எடுத்தது. தொப்பியைத் தம்பியின் தலையிலேயே திரும்ப வைத்தான். காது வரை இழுத்துச் சரியாக வைத்தான்.

"எப்படா?"

"தீபாவளிக்கு முன்னாடிண்ணே."

செல்வராஜு தன் தலையைத் தடவிக்கொண்டான். நல்ல அடர்த்தியான முடி. இவர்கள் வீட்டு முடி அது.

"நாந்தான் அம்மாவுக்கு அப்பவே போட்டுட்டேனேடா" என்றான். குழந்தை மாதிரி அன்புவைப் பார்த்துக் கேட்டான். "அப்பவே அழுது முடிச்சிட்டேனேடா. இப்ப என்னடா பண்றது?"

மெய் லிங் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

என் பழைய காரில் ரெம்பியாவுக்குப் புறப்பட்டோம். பாதி வழியில், ரோட்டோரத்தில் ஒரு முடிவெட்டும் கடையைக் கண்டதும் செல்வராஜு, "கொஞ்சம் நிறுத்துங்கக்கா" என்றான். நிறுத்தினேன். அவன் இறங்கி உள்ளே போனான். அன்புவும் பின்னாலேயே போய் அவன் பக்கத்தில் நின்றுகொண்டான். அதற்குப் பிறகுதான் நான் மெய் லிங்கிடம் மலாயில் சொன்னேன். அவள் சத்தம் போட்டு அழவில்லை. மடியில் கிடந்த முந்தானையை மட்டும் மடித்து மடித்து நீவிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போனதும் அவள்தான் முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். மாலை போட்ட படத்துக்கு முன்னால் நின்று, வழியெல்லாம் பழகி வந்ததை ஒரு பிழையும் இல்லாமல் சொன்னாள்.